எடை 86 கிலோ, ஹீமோகுளோபின் 11.2: எல்லாம் நார்மல் என்று சொன்ன ஒரு ரிப்போர்ட்

உடம்பு பருமனாக இருந்தால் ரத்தமும் நிறைவாக இருக்கும் என்ற நினைப்பு நம்மிடம் ஆழமாக ஊறிப்போயிருக்கிறது. ஒல்லியான கர்ப்பிணி வந்தால் கீழ் இமையை இழுத்துப் பார்க்கிறோம், ஹீமோகுளோபின் எவ்வளவு என்று எடுத்த எடுப்பிலேயே கேட்கிறோம். எடை கூடிய பெண் வந்தால் சர்க்கரை, பிரஷர், தைராய்டு என்று அந்தப் பக்கமே மனம் ஓடுகிறது. ரத்தசோகை என்ற எண்ணம் கடைசியில் வருகிறது, பல நேரம் வருவதே இல்லை. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் இது எவ்வளவு தூரம் ஆளை ஏமாற்றும் என்பதற்காகவே இந்த நிகழ்வை முழுதாக எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடாது என்பதால் ஒரே மாதிரிப் பிரச்சினையோடு வந்தவர்களின் விவரங்களைக் கலந்து ஒருவருடையதுபோல் எழுதியிருக்கிறேன். எண்கள் எல்லாம் இந்த மாதிரி ஆட்களிடம் வழக்கமாகப் பார்க்கும் எண்கள்.

வந்தபோது இருந்த நிலை

வயது 31, முதல் கர்ப்பம். மாதவிடாய் எப்போதும் ஒழுங்காக வந்ததில்லை என்பதால் தேதிக் கணக்கை நம்பாமல் ஸ்கேனில் அளந்து பார்த்ததில் ஒன்பது வாரம், கருவின் இதயத்துடிப்பு நன்றாக இருந்தது. உயரம் 158 செ.மீ., எடை 86 கிலோ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பிஎம்ஐ 34-க்குக் கொஞ்சம் மேல். பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) என்று சில வருடங்களாக மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார், ஒரு நாளைக்கு 1,500 மில்லிகிராம். இறைச்சி, மீன், முட்டை பழக்கமில்லை. எடையைக் காரணமாகச் சொல்லி கர்ப்பத்துக்கு முன்பிருந்தே ஃபோலிக் ஆசிட் 5 மில்லிகிராம் மாத்திரை கொடுத்திருந்தார்கள், அதை ஒரு நாள்கூட விடாமல் சாப்பிட்டிருக்கிறார்.

அவர் சொன்ன தொந்தரவு மூன்று. அசதி, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது, காலையில் ஆரம்பித்து ராத்திரி வரை விடாத குமட்டல். மூன்றுக்கும் அவருக்கு ஏற்கெனவே பதில் கிடைத்துவிட்டது: அசதியும் மூச்சும் எடையால், குமட்டல் மசக்கையால். வீட்டில் அப்படித்தான் சொன்னார்கள், முதலில் பார்த்த இடத்திலும் அப்படித்தான் சொன்னார்கள். நான் ரத்தத்தைப் பற்றிக் கேட்டபோது அவர் சிரித்துவிட்டுச் சொன்னது இது: "டாக்டர், நான் இருக்கிற இருப்பைப் பார்த்தா ரத்தம் கம்மின்னு யாராவது சொல்வாங்களா?"

யாரும் சொல்லவில்லை என்பதுதான் பிரச்சினையே. கேட்கக் கேட்க வேறு சில விஷயங்கள் வெளியே வந்தன. மாதவிடாய் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வரும், ஆனால் வந்தால் பத்து நாளுக்கு மேல், கட்டி கட்டியாகப் போகும். பிசிஓடி உள்ளவர்களிடம் "மாதவிடாய் சரியாக வருவதில்லை" என்பதை மட்டும் குறித்துக்கொண்டு, வரும்போது எவ்வளவு போகிறது என்று கேட்காமல் விட்டால் இரும்பு எங்கே போனது என்பது கடைசி வரை தெரியாது. அப்புறம், ஃப்ரீசரிலிருந்து ஐஸ் கட்டியை எடுத்து மென்றுகொண்டே இருப்பது, அதுவும் கர்ப்பத்துக்கு முன்பே ஒரு வருடமாக. இதை அவர் ஒரு கெட்ட பழக்கம் என்று நினைத்து வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னார். ஐஸ் மெல்லும் ஆசை இரும்புக்குறைவின் நல்ல துப்பு. ஏன் வருகிறது என்பதற்கு உறுதியான விளக்கம் இல்லை, ஆனால் இரும்பு ஏறினால் பெரும்பாலும் தானாகப் போய்விடுகிறது. மூன்றாவது, இரண்டு பாதத்திலும் மரத்துப்போன உணர்வு, சில நேரம் எறும்பு ஊர்வது மாதிரி. "எடை தாங்காம காலு மரத்துப்போகுதுன்னு நினைச்சேன்" என்றார்.

பரிசோதனையில் நாக்கு வழவழவென்று, ஓரங்கள் சிவந்து, மேலே இருக்கவேண்டிய சொரசொரப்பு பாதி இடத்தில் இல்லை. பிரஷரை வழக்கமான அளவுப் பட்டையால் எடுத்தபோது 146/92 காட்டியது. மேல்கை சுற்றளவை அளந்து பெரிய பட்டையைக் கட்டி எடுத்தால் 126/80. சின்னப் பட்டை பெரிய கையில் பிரஷரைக் கூட்டித்தான் காட்டும், இதைக் கவனிக்காமல் ஒன்பதாவது வாரத்திலேயே "பிபி இருக்கு" என்று எழுதிவிட்டால் மீதிக் கர்ப்பம் முழுக்க அந்த முத்திரையோடுதான் ஓடும்.

கால்களில் 128 ஹெர்ட்ஸ் ட்யூனிங் ஃபோர்க்கைத் தட்டிப் பெருவிரல் எலும்பின்மேல் வைத்து, அதிர்வு நின்றதும் சொல்லச் சொன்னேன். சில நொடிகளிலேயே நின்றுவிட்டது என்றார். அதே ஃபோர்க்கை எடுத்து என் விரல் கணுவில் வைத்துப் பார்த்தால் அது இன்னும் நன்றாகவே அதிர்ந்துகொண்டிருந்தது. கணுக்காலில் வைத்தபோது அவருக்கு நன்றாகத் தெரிந்தது. எடையால் பாதத்தில் வலி வரும். அதிர்வு உணர்வு போகாது.

ரிப்போர்ட்டும் அதைப் படித்த விதமும்

அவர் கையோடு கொண்டுவந்த ரத்த ரிப்போர்ட்டில் ஹீமோகுளோபின் 11.2. உலக சுகாதார நிறுவனம் முதல் டிரைமெஸ்டருக்கு, அதாவது முதல் மூன்று மாதத்துக்கு, சொல்லும் எல்லை 11. அதற்குக் கீழே போனால்தான் ரத்தசோகை. ஆகவே "ஓகே". சிவப்பணுவின் சராசரி அளவான எம்சிவி 87, அதுவும் ஓகே. வெள்ளையணு, தட்டணு இரண்டும் சரி. இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் யாரோ எழுதியிருந்தார்கள், நல்ல விஷயம், அது 34. ஆய்வகம் அச்சிட்ட எல்லைக்குள் இருந்ததால் அதன் பக்கத்திலும் எந்தக் குறியும் இல்லை. எடை மட்டும்தான் அதிகம், மற்றதெல்லாம் நார்மல் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

அந்தத் தாளில் தடித்த எழுத்தில் ஒரே ஒரு எண் இருந்தது. ஆர்டிடபிள்யூ 18.6. ஏறக்குறைய 14.5-க்குள் இருக்கவேண்டியது. சிவப்பணுக்களுக்குள் அளவு வித்தியாசம் எவ்வளவு என்று சொல்லும் எண் இது. பெரும்பாலானவர்கள் கண்ணை ஓட்டிவிட்டுத் தாண்டிப் போகும் வரி. எனக்கு ஒரு சிபிசி (ரத்த அணுக்களின் கணக்கு) ரிப்போர்ட்டில் மூன்று வரிகள்தான் பார்க்கலாம் என்று கட்டுப்பாடு போட்டால் ஹீமோகுளோபின், எம்சிவி, அடுத்து ஆர்டிடபிள்யூ என்றுதான் கேட்பேன்.

சராசரி 87, ஆனால் வித்தியாசம் மட்டும் இவ்வளவு என்றால், சின்ன அணுக்களும் பெரிய அணுக்களும் கலந்து ஓடுகின்றன, இரண்டையும் கூட்டி வகுத்ததில் நடுவில் ஒரு நல்ல எண் வந்து நிற்கிறது என்று அர்த்தம். இரும்பு குறைந்தால் அணு சிறுக்கும், வெளிறும். வைட்டமின் பி12 குறைந்தால் அணு பெருக்கும். இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தால் இயந்திரம் "நார்மல்" என்று அச்சடித்துக் கொடுக்கும், அது பொய்யும் சொல்லவில்லை.

ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி மைக்ரோஸ்கோப்பில் பார்க்கச் சொன்னோம். இரண்டு கூட்டமும் அப்பட்டமாகத் தெரிந்தது: நடுவில் வெறும் வளையம்போல் வெளிறிய சின்ன அணுக்கள், அதற்குப் பக்கத்திலேயே முட்டை வடிவத்தில் பெரிய அணுக்கள். கூடவே ஆறு மடல் கொண்ட கருவுள்ள நியூட்ரோஃபில்கள் (ஒரு வகை வெள்ளையணு). நியூட்ரோஃபிலின் கருவுக்கு வழக்கமாக மூன்று நான்கு மடல்கள். ஆறு என்று பார்த்துவிட்டால் பி12-ஐயோ ஃபோலேட்டையோ சந்தேகிக்காமல் இருக்கமுடியாது. இவர் ஃபோலிக் ஆசிட்டை நன்றாகச் சாப்பிட்டு வந்தவர், ஆக மிச்சம் இருக்கும் சந்தேகம் பி12தான்.

அடுத்து அனுப்பிய சோதனைகளில் பி12 138 பிகோகிராம்; 200-க்குக் கீழே என்றாலே குறைவு. கர்ப்பத்தில் பி12 அளவு கொஞ்சம் இறங்குவது இயல்புதான், ஆனால் அது பெரும்பாலும் பிந்தைய மாதங்களில் நடப்பது. ஒன்பதாவது வாரத்தில் 138 வந்தால் கர்ப்பத்தின்மேல் பழி போடமுடியாது. ஃபோலேட் சரியாக இருந்தது. வயிற்றில் பி12-ஐ உறிஞ்ச உதவும் புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடி இல்லை. அப்படியானால் உணவில் வரத்து குறைவு, மெட்ஃபார்மின் அதற்குமேல் உறிஞ்சுவதையும் குறைத்தது. மெட்ஃபார்மினை வருடக்கணக்கில் சாப்பிடுபவர்களிடம் இது நன்றாகத் தெரிந்த விளைவு. எடை கூடியவர்களிடம் பி12 சராசரியாகக் குறைவாகவே இருப்பதும் பல இடங்களில் பார்க்கப்பட்டது.

இரும்பைப் பார்த்தால், ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் டிரான்ஸ்ஃபெரின் வெறும் 11 சதவீதம்தான் நிரம்பியிருந்தது. 20-க்குக் கீழே போனாலே யோசிக்கவேண்டும், 16-க்குக் கீழே என்றால் சந்தேகமே வேண்டாம். அழற்சியைக் காட்டும் சிஆர்பி 14. தலசீமியா என்ற பரம்பரை ரத்தநோயின் கடத்தியாக இருந்து அதன் சின்ன அணுக்களைப் பி12 குறைவு மறைத்திருக்கலாமே என்று ஹீமோகுளோபின் வகைப் பிரிப்பும் செய்தோம், கடத்திகளிடம் கூடியிருக்கும் ஏ2 என்ற வகையின் அளவு சாதாரணம். இரும்புக்குறைவு அந்த ஏ2-ஐயும் கொஞ்சம் கீழே இழுக்கும் என்பதால் இரும்பு சரியான பிறகு இன்னொருமுறை பார்க்கவேண்டும் என்று குறித்து வைத்தோம்.

ஃபெரிட்டின் 34 ஏன் நம்பக்கூடாதது

இந்த நிகழ்வின் உயிர்நாடி இதுதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

ஃபெரிட்டின் இரும்புச் சேமிப்பின் அளவுகோல். அழற்சி இல்லாத ஆளிடம் லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம் ஃபெரிட்டினுக்குச் சுமார் 8 மில்லிகிராம் இரும்பு சேமிப்பில் இருப்பதாகக் கணக்கு வைக்கலாம். அப்படிப் பார்த்தால் 34-க்கு 270 மில்லிகிராம் அளவில் வரும். ஒரு கர்ப்பம் முழுவதற்கும் ஏறக்குறைய 1,000 மில்லிகிராம் இரும்பு தேவை: தாயின் சிவப்பணுக்கள் பெருகுவதற்கு 500 அளவில், குழந்தைக்கும் நஞ்சுக்கொடிக்கும் 300 அளவில், மீதி அன்றாட இழப்புக்கு. ஆக 270 என்பதே போதாத முதல்.

ஆனால் அந்த 270-ம் உண்மை இல்லை. ஃபெரிட்டின் சேமிப்பைக் காட்டுவதோடு அழற்சியிலும் ஏறும் புரதம். உடலில் கொழுப்புத் திசு கூடும்போது, குறிப்பாக வயிற்றைச் சுற்றி, அது சும்மா இருப்பதில்லை. ஐஎல்-6 போன்ற, அழற்சியைத் தூண்டும் பொருட்களைச் சுரந்துகொண்டே ஒரு மெல்லிய அழற்சியை வருடக்கணக்கில் ஓட்டுகிறது. காய்ச்சல் இருக்காது, வலி இருக்காது, சிஆர்பி மட்டும் எட்டு, பத்து, பதினான்கு என்று நிற்கும். அந்த அழற்சி ஃபெரிட்டினைத் தூக்கிப் பிடிக்கும். அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் முதல் டிரைமெஸ்டரில் ஃபெரிட்டின் 15-க்குக் கீழே என்றால் இரும்புக்குறைவு என்று சொல்லும்போது, அழற்சி இல்லாதவர்களுக்கு என்ற நிபந்தனையோடு சொல்கிறது. பிரிட்டனில் கர்ப்பிணிகளுக்கு 30 என்ற எல்லையைப் பயன்படுத்துகிறார்கள். சிஆர்பி உயர்ந்திருக்கும் ஒருவரிடம் 34 என்பதை நான் குறைவு என்றுதான் படிப்பேன், டிரான்ஸ்ஃபெரின் 11 சதவீதம் என்று பக்கத்திலேயே சாட்சி சொல்லும்போது அதில் தயக்கமே இல்லை.

அழற்சி இன்னொரு வேலையும் செய்கிறது, அது இதைவிட மோசம். ஐஎல்-6 கல்லீரலைத் தூண்டி ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரக்க வைக்கும். ஹெப்சிடின் குடலில் இரும்பு ரத்தத்துக்குள் நுழையும் கதவைப் பூட்டிவிடுகிற காவலாளி. செல்களுக்குள் இருக்கும் இரும்பையும் வெளியே விடாது. சாதாரணக் கர்ப்பத்தில் மாதம் ஏற ஏற ஹெப்சிடின் நன்றாக இறங்கி, குடல் வழக்கத்தைவிடப் பல மடங்கு இரும்பை உறிஞ்ச ஆரம்பிக்கும். முதல் மாதங்களில் ஒரு நாளைக்கு ஒரு மில்லிகிராமுக்கும் குறைவாக இருக்கும் தேவை கடைசி மாதங்களில் ஐந்தாறு மில்லிகிராமைத் தாண்டிப் போவதை உடம்பு சமாளிப்பதே இதனால்தான். எடை அதிகமுள்ள பெண்ணிடம் அந்த இறக்கம் மந்தமாகிறது. சாப்பிடுகிறார், மாத்திரை போடுகிறார், ஆனால் உள்ளே போவது குறைவு. எடை அதிகமுள்ள தாய்மாரின் குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி ரத்தத்தில் இரும்பு குறைவாக இருப்பதைக் காட்டிய ஆய்வுகள் இருக்கின்றன, இந்தக் கதவை நினைத்தால் அதில் ஆச்சரியமில்லை.

ஆக ஒரே தாளில் மூன்று எண்கள் மூன்று வெவ்வேறு காரணத்தால் நல்ல எண்களாக நின்றன. ஹீமோகுளோபின், சேமிப்பு காலியான பிறகுதான் இறங்கும் என்பதால். எம்சிவி, இரண்டு குறைபாடுகள் எதிரெதிராக இழுத்ததால். ஃபெரிட்டின், எடை தந்த அழற்சியால்.

ஒன்பதாவது வாரத்தில் பிடித்ததன் பலன்

கர்ப்பத்தில் ரத்தத்தின் நீர்ப்பகுதி ஆறாவது ஏழாவது வாரத்திலிருந்தே கூட ஆரம்பித்து, 30 வாரத்தை ஒட்டி 40 முதல் 50 சதவீதம் வரை ஏறும். சிவப்பணுக்கள் அவ்வளவு வேகமாக ஏறுவதில்லை. அதனால் நடு மாதங்களில் எல்லோருக்குமே ஹீமோகுளோபின் இறங்கும், இரண்டாம் டிரைமெஸ்டருக்கான எல்லையை 10.5 என்று தாழ்த்தி வைத்திருப்பதே இதனால்தான். இருபத்தி நான்காவது வாரத்தில் 10.4 என்று வந்தால் "ரத்தம் நீர்த்திருக்கு, மாத்திரை போடுங்க" என்று சொல்லிவிடுவார்கள், அதற்குள் இருக்கும் பி12 குறைவை யாரும் தோண்டிப் பார்க்கமாட்டார்கள். முதல் மாதங்களில் நீர்ப்பு அதிகமில்லை, மாதவிடாயும் நின்றிருக்கிறது, கருவின் தேவையும் சிறியது. எண்கள் ஓரளவு உண்மை பேசும் கடைசிக் காலம் அது. சரிசெய்யவும் நேரம் இருக்கிறது.

இதே முதல் ரிப்போர்ட்டில், கடந்த சில மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 6.0 என்று இருந்தது, எடையோடு சேர்த்துப் பார்த்துவிட்டு "சர்க்கரைக்கு முந்தைய நிலை" என்று எழுதியிருந்தார்கள். இரும்புக்குறைவிலும் பி12 குறைவிலும் எச்பிஏ1சி பொய்யாக ஏறும், ஏனென்றால் புது அணுக்கள் வருவது குறைந்து பழைய அணுக்கள் அதிக நாள் சர்க்கரையில் ஊறுகின்றன. வெறும் வயிற்றில் சர்க்கரை 88, கர்ப்பத்தில் பார்க்கும் 92 என்ற எல்லைக்குக் கீழே. அந்த 6.0-ஐ வைத்து எதையும் முடிவு செய்யவேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு, குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் சோதனையை 24 வாரத்தில் செய்வதாக வைத்துக்கொண்டோம். (பின்னால் அது சரியாகவே வந்தது.)

சிகிச்சை, அப்புறம் ரிப்போர்ட் மோசமான கட்டம்

முதலில் பி12. காலில் நரம்புத் தொந்தரவு இருந்ததால் மாத்திரையை நம்பி உட்காரவில்லை. ஹைட்ராக்ஸோகோபாலமின் 1,000 மைக்ரோகிராம் ஊசியை ஆரம்பத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு வாரம் ஒருமுறை, பிறகு இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போனோம். ஃபோலிக் ஆசிட் 5 மில்லிகிராமைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். கருவின் நரம்புக்குழல் கருத்தரித்த 28 நாளுக்குள் மூடிவிடுகிறது, எடை கூடியவர்களுக்கு அந்தக் குறைபாட்டின் வாய்ப்பு சற்று அதிகம் என்பதால் சில நாடுகளில் பிஎம்ஐ 30-க்கு மேல் இந்தப் பெரிய அளவைக் கொடுக்கிறார்கள், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் பி12 குறைவாக இருக்கும் ஆளுக்குப் பெரிய அளவு ஃபோலிக் ஆசிட்டை மட்டும் கொடுத்தால் ரத்தம் தேறியதுபோல் காட்டிக்கொண்டே நரம்பு உள்ளுக்குள் கெட்டுக்கொண்டு போகும். இவருக்கு ஹீமோகுளோபின் இவ்வளவு நல்ல எண்ணாக இருந்து கால் மட்டும் மரத்துப்போனதில் அதற்கும் பங்கு இருக்கலாம் என்று நினைக்கிறேன். 5 மில்லிகிராம் மாத்திரை எழுதும் அதே கையால், மெட்ஃபார்மின் சாப்பிடுபவருக்கும் அசைவம் சாப்பிடாதவருக்கும் பி12 சோதனையும் எழுதவேண்டும். பன்னிரண்டு வாரம் முடிந்ததும் வழக்கமான 400 மைக்ரோகிராமுக்கு மாற்றினோம். சர்க்கரை நோய் இல்லாததால் மெட்ஃபார்மினையும் நிறுத்திவிட்டோம்.

இரும்பு மாத்திரை 60 மில்லிகிராம், ஒருநாள் விட்டு ஒருநாள். ஒரு வேளை இரும்பு போட்டாலே ஹெப்சிடின் ஒரு நாளுக்கு ஏறி நிற்கும், அதற்குள் அடுத்த மாத்திரை போட்டால் உறிஞ்சப்படும் பங்கு குறையும். ஏற்கெனவே ஹெப்சிடின் உயர்ந்திருப்பவருக்குத் தினமும் திணிப்பதில் குமட்டல்தான் மிஞ்சும். தேநீர், காபி, பால் மூன்றையும் மாத்திரைக்கு ஒரு மணி நேரமாவது தள்ளி வைக்கச் சொன்னோம். ரத்தக்குழாய் வழியாக ஊசியில் ஏற்றும் இரும்பை முதல் டிரைமெஸ்டரில் கொடுப்பதில்லை, அந்த வாரங்களில் பாதுகாப்பானது என்று சொல்லப் போதுமான தகவல் இல்லாததால்.

பதினைந்தாவது வாரத்தில் மறுபடி எடுத்த ரிப்போர்ட்டைப் பார்த்து அவர் பயந்துபோனார். ஹீமோகுளோபின் 10.7. எம்சிவி 87-லிருந்து 80. ஃபெரிட்டின் 34-லிருந்து 14. "மருந்து போட்டும் குறையுதே, டாக்டர்?" என்று கேட்டார், நியாயமான கேள்வி. நடந்தது இதுதான்: பி12 கிடைத்ததும் எலும்பு மஜ்ஜை வேகமாக வேலையைத் தொடங்கியது, புது அணு செய்ய இரும்பைக் கேட்டது, இருந்த கொஞ்சத்தையும் எடுத்துக்கொண்டது. பெரிய அணுக்கள் குறைந்ததும் சின்ன அணுக்கள் தனியாகத் தெரிந்தன. ரத்தத்தின் நீர்ப்பகுதியும் இதற்குள் கூடியிருந்தது. பி12 குறைவு இத்தனை நாள் மூடி வைத்திருந்த இரும்புக்குறைவு வெளிச்சத்துக்கு வந்தது, அவ்வளவுதான். ஆர்டிடபிள்யூ இன்னும் உயரத்திலேயே இருந்தது, புது அணுக்களின் எண்ணிக்கையைக் காட்டும் ரெட்டிகுலோசைட் நன்றாக ஏறியிருந்தது. மஜ்ஜை வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் அத்தாட்சி.

குமட்டலால் மாத்திரை பாதி நாள் உள்ளே தங்கவில்லை, தங்கியதும் சரியாக உறிஞ்சப்படவில்லை. பதினாறாவது வாரத்தில் ரத்தக்குழாய் வழியாக இரும்பு 1,000 மில்லிகிராம் ஏற்றினோம், ஏற்றி முடித்து அரைமணி நேரம் பக்கத்திலேயே வைத்துப் பார்த்தோம், தொந்தரவு எதுவும் இல்லை. அளவைக் கணக்கிடும்போதும் எடை குறுக்கே வரும். வாய்ப்பாட்டில் 86 கிலோவை அப்படியே போட்டால் தேவைக்கு மேல் வரும், காரணம் கொழுப்புத் திசுவில் ரத்தம் குறைவு, எடை கூடுகிற அளவுக்கு ரத்தம் கூடுவதில்லை. உயரத்துக்கு ஏற்ற எடையை வைத்துத்தான் கணக்குப் போடவேண்டும்.

எடையைப் பற்றிப் பேசியது

வாந்தியால் பன்னிரண்டாவது வாரத்துக்குள் எடை 83-க்கு இறங்கியது. கூட வந்தவர்களுக்குச் சந்தோஷம், எப்படியோ எடை குறைகிறதே என்று. இந்தச் சந்தோஷத்தை உடனே தடுக்கவேண்டியிருந்தது. கர்ப்பத்தில் எடையைக் குறைப்பது நோக்கமே அல்ல, அதுவும் பட்டினியால் குறைவது. வாந்தியில் எடை 5 சதவீதத்துக்கு மேல் போனால் தீவிரமாகக் கவனிக்கவேண்டும், இவர் அதன் பக்கத்தில் போய்த் திரும்பியவர். எடை, கர்ப்பம், நீர்ச்சத்து குறைவு, படுக்கையிலேயே கிடப்பது இவை நான்கும் சேர்ந்தால் காலில் ரத்தம் உறையும் அபாயமும் ஏறும், அதுவும் முதல் மாதங்களிலேயே. வாந்திக்கு மருந்து கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி சாப்பிட வைத்து, நடக்க வைத்தோம்.

பிஎம்ஐ 30-க்கு மேல் இருப்பவர்களுக்கு மொத்தக் கர்ப்பத்துக்கும் 5 முதல் 9 கிலோ ஏறினால் போதும் என்பது அமெரிக்காவில் 2009-இல் வகுத்து இன்றும் பல இடங்களில் பின்பற்றும் கணக்கு. சராசரி எடையுள்ளவருக்கு அது 11.5 முதல் 16 கிலோ, 18.5-க்குக் கீழே இருப்பவருக்கு 12.5 முதல் 18. முதல் மூன்று மாதத்தில் யாராக இருந்தாலும் அரைக் கிலோ முதல் இரண்டு கிலோ. இதை அவரிடம் எண்ணாகச் சொன்னதைவிட, "எடையைப் பத்தி உங்களைத் திட்ட நான் இங்க இல்லைம்மா, ரத்தத்தைச் சரி பண்ணினா உங்களால நடக்க முடியும், நடந்தா மத்தது தானா வரும்" என்று சொன்னது வேலை செய்தது என்று நினைக்கிறேன். அதற்கு முன்பு வரை எங்கே போனாலும் எடையைச் சொல்லியே பேச்சை முடித்துவிடுவதால், அசதியைப் பற்றிச் சொல்வதையே அவர் நிறுத்தியிருந்தார். மூச்சு வாங்குகிறது என்று ஒரு பருமனான பெண் சொல்லும்போது அதை முழுதாகக் கேட்பது மருத்துவத்தின் ஒரு பகுதி, பண்பாடு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் இல்லை.

முதல் கர்ப்பம், பிஎம்ஐ 30-க்கு மேல் என்ற இரண்டையும் வைத்து, பிந்தைய மாதங்களில் வரும் பிரஷர் சிக்கலைத் தவிர்க்கக் குறைந்த அளவு ஆஸ்பிரினைப் பன்னிரண்டு வாரம் முடிந்ததும் தொடங்கினோம். சில வழிகாட்டுதல்கள் பிஎம்ஐ 35-க்கு மேல்தான் கணக்கில் எடுக்கின்றன. இவர் நடுவில் நின்றவர், அவரிடம் பேசி முடிவு செய்தோம்.

அதன் பிறகு

இரும்பு ஏற்றிய சில நாளிலேயே ஐஸ் மெல்லும் ஆசை போய்விட்டது, எண்கள் ஏறுவதற்கு முன்பே. இருபதாவது வாரத்தில் ஹீமோகுளோபின் 11.4, ஆர்டிடபிள்யூ 16. 28-இல் ஹீமோகுளோபின் 11.9, டிரான்ஸ்ஃபெரின் 23 சதவீதம். ஏ2 அளவை மறுபடி பார்த்தோம், சாதாரணமாகவே இருந்தது. மொத்தம் ஏறிய எடை, ஆரம்ப எடையிலிருந்து கணக்கிட்டால், 7 கிலோ. முப்பத்தொன்பதாவது வாரத்தில் சுகப்பிரசவம், குழந்தை 3.1 கிலோ. பிரசவத்தில் ரத்தம் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகத்தான் போனது. 12-க்குப் பக்கத்தில் ஹீமோகுளோபினோடு போனதால் ரத்தம் ஏற்றவேண்டிய தேவை வரவில்லை. பத்துக்குக் கீழே வைத்துக்கொண்டு அதே அளவு ரத்தம் போயிருந்தால் நிலைமை வேறு.

காலில் மரத்துப்போனது பெரும்பாலும் சரியாகிவிட்டது, விரல் நுனிகளில் மட்டும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. நரம்பு திரும்புவதற்கு மாதங்கள் ஆகும், சிலருக்கு முழுதாகத் திரும்புவதில்லை. பாலூட்டும் காலம் முழுக்கப் பி12 ஊசி தொடர்கிறது, ஏனென்றால் தாயிடம் இல்லாதது பாலிலும் வராது, தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சி அதை நம்பியிருக்கிறது. பிரசவமாகி ஆறு வாரத்தில் ஃபெரிட்டின், சிஆர்பி, டிரான்ஸ்ஃபெரின் மூன்றையும் ஒரே நாளில் சேர்த்து எடுக்கவும், மெட்ஃபார்மினை மறுபடி தொடங்கினால் வருடத்துக்கு ஒருமுறை பி12 பார்க்கவும், மாதவிடாய் திரும்பியதும் எத்தனை நாள் போகிறது என்று குறித்து வைக்கவும் அவருடைய ஃபைலின் முதல் பக்கத்திலேயே எழுதிக் கொடுத்திருக்கிறோம்.